ஒரு வாக்கியத்தைத் தவறாக வாசித்தது பற்றி

1

‘எல்லாரும் என்னையே பாக்காங்க அண்ணே.’

என் சித்தி மகன் இதைச் சொன்னபோது அவனுக்கு வயது 22. திருநெல்வேலியில் அவர்கள் வீட்டு மச்சு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு ஐந்து மாதம் முன்னால் அவனுக்குச் சித்தம் கலங்கியிருந்தது. காதில் குரல்கள். கல்லூரி வாத்தியார் ஒருவர் தன் நினைப்புகளைத் திருடுகிறார் என்ற உறுதி. கடைசியில் ஒருநாள் பட்டப்பகலில், ரதவீதியில், சட்டையில்லாமல் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் பெயர் சொல்லி ஏசினான். வைத்தியம் ஆரம்பித்துக் குரல்கள் அடங்கின. வீட்டோடு இருந்தான். வாசல்படி தாண்டுவதில்லை. ஏன் என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

நான் இரண்டு காரியம் செய்தேன். ‘மாத்திரை போட்டியாடே?’ என்று கேட்டேன். அடுத்த தடவை வைத்தியரிடம் போனபோது, குடும்பத்தில் படித்தவன் என்ற ஹோதாவில், ‘மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது’ என்று சாட்சி சொன்னேன். மருந்தின் அளவு கூட்டப்பட்டது. கூடிய மருந்தினால் அவனுக்குக் காலில் ஓர் அமைதியின்மை வந்தது. உட்கார முடியாது, நிற்க முடியாது, மச்சில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருப்பான். அதையும் நாங்கள் நோயின் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம்.

ஏழெட்டு மாதம் கழித்து, வேறொரு இடத்தில், சமூகப் பணியாளராக இருந்த ஒரு பெண் அவனிடம் சின்னதாக ஒரு கேள்வி கேட்டாள். ‘யார் பார்க்கிறார்கள்? எதற்காகப் பார்க்கிறார்கள்?’ அவன் யோசித்துச் சொன்னான்: ‘அன்னைக்கி ரதவீதியில நின்னவங்கதான். அவ்வளவு சீக்கிரம் மறந்திருவாங்களா?’

இதில் சதி எதுவும் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது. அதுவும் ஆதாரமுள்ள வெட்கம். தெரு அவனைப் பார்க்கத்தான் செய்தது, நானே பார்த்திருக்கிறேன். ஜன்னல் கதவு ஒன்று திறக்கும், பிறகு மூடும். ஒரு வாக்கியத்துக்கு மூன்று அர்த்தம் சாத்தியம் என்று இது போன்ற பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆறு சொல்கூட இல்லாத ஒரு வாக்கியத்துக்கு இரண்டாவது அர்த்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கத் தெரியாததால் அல்ல. சொன்னவனுக்கு ஏற்கனவே ஒரு பெயர் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் பேசிவிட்டது.

இந்தக் கட்டுரை மருத்துவக் கட்டுரை அல்ல. அதை எழுதும் தகுதி ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குக் கிடையாது. என் கேள்வி வேறு. ஒருவனுக்கு ஒரு பெரிய பெயரை வைத்துவிட்ட பிறகு, அவனுடைய சின்ன வேதனைகள் யாருக்குச் சொந்தம்? அவனுக்கா, பெயருக்கா?

2

பெரிய பெயர் சின்னப் பெயர்களை விழுங்குவது நான் மட்டும் செய்த தவறல்ல என்பது பிறகு படித்ததில் தெரிந்தது. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜெர்மனியில் க்ரேபெலின் 1899-ல் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் மனநோய்களின் பெரும் பரப்பை இரண்டாகப் பிரித்தார். இளவயதில் வந்து புத்தியைச் சிதைப்பது ஒன்று. உற்சாகமும் சோர்வுமாக மாறிமாறி வருவது மற்றொன்று. தத்துவவாதியாகப் பின்னாளில் பெயர்பெற்ற கார்ல் யாஸ்பெர்ஸ், 1913-ல் முதலில் வெளிவந்து பின்னர் பலமுறை திருத்தி விரிவாக்கப்பட்ட தம் ‘பொது மனநோயியல்’ நூலில், இந்த நோய்களை அடுக்குகளாக வைத்துப் பார்க்கச் சொன்னார். மூளைச் சேதத்தால் வருபவை ஓர் அடுக்கு, அதற்கடுத்து மனச்சிதைவு, அடுத்து உற்சாக - சோர்வு நோய், கடைசியில் பதற்றம், அச்சம் முதலியவை. முந்தைய அடுக்கு நோயில் பிந்தைய அடுக்குகளின் குறிகள் எல்லாம் தென்படலாம். ஆகவே தீர்ப்பளிப்பது முந்தைய அடுக்கு.

இது மடத்தனமான யோசனை அல்ல. காய்ச்சல்காரனுக்குத் தலைவலியும் இருந்தால் தலைவலியைத் தனி நோயாக எழுதிக்கொள்வதில்லை. காரணங்களைத் தேவைக்கு மேல் பெருக்காதே என்பது நல்ல தர்க்கம்தான். ஆனால் தர்க்கத்தில் சிக்கனமாக இருப்பது அனுபவத்தில் கஞ்சத்தனமாக மாறிவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பில், இந்த அடுக்குமுறையை விதியாகவே ஆக்கியது: மனச்சிதைவு என்று முடிவாகி, பதற்றம் அதன் விளைவென்று கருதப்பட்டால், அந்தப் பதற்றத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. 1987-ல் திருத்திய பதிப்பில் இந்த விலக்கு விதிகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டன. அதாவது ஏழு வருஷ காலம், ஒரு கையேட்டின் கணக்குப்படி, சித்தம் கலங்கியவன் வெறுமனே பயப்படுவது ஏறக்குறைய சாத்தியமில்லாத காரியமாக இருந்தது.

விதி போனதும் எண்ணிக்கை வந்தது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மனச்சோர்வும், நூற்றுக்கு 23 பேருக்கு எண்ணச் சுழற்சி நோயும், 29 பேருக்குப் பழைய அதிர்ச்சியின் தழும்பாக வரும் நோயும், 15 பேருக்குத் திடீர்ப் பீதி நோயும் இருப்பதாக மதிப்பிட்டது. வாழ்நாளில் எப்போதாவது போதைப் பழக்கத்தில் விழுந்தவர்கள் 47 பேர். இவை எல்லாம் விதி மாறியதும் புதிதாக முளைத்தவை அல்ல. முன்பும் இருந்தன, எழுதிக்கொள்ளக் கட்டம் இல்லாதிருந்தது.

எங்கள் வங்கியில் சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டுவைப்போம். ஆனால் அதை அப்படியே விட்டுவிட முடியாது. குறிப்பிட்ட நாட்களுக்குள் நேர்செய்தாக வேண்டும். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார். என் தம்பியின் ஒவ்வொரு வேதனையையும் நாங்கள் ‘அது அந்த நோய்தான்’ என்ற ஒரே கணக்கில் போட்டுவந்தோம். கேட்க ஆடிட்டர் இல்லை.

3

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஒரு பெயர் போதாது என்றால் நான்கு பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? மருத்துவத்தில் ‘இணைநோய்’ என்ற கருத்தை 1970-ல் முன்வைத்தவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர். ஒரு நோயை முதன்மையாகக் கொண்டு பார்க்கும்போது, கூடவே இருக்கும் தனித்த இன்னொரு நோய் என்பது அதன் பொருள். நீரிழிவும் காசமும் தனித்தனி என்று காட்டலாம்; கிருமியைக் காட்டலாம், சர்க்கரையை அளக்கலாம். ஆனால் பயத்தையும் சோர்வையும் குரலையும் எந்த இடத்தில் அறுப்பது? முழுசாக இருந்த ஒருவனை நாமே துண்டு போட்டுவிட்டு, ‘அடடா, இந்தத் துண்டுகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றனவே’ என்று ஆச்சரியப்படுவது வேடிக்கைதான்.

இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. மனச்சிதைவு என்ற பெயரை 1908-ல் தந்த ப்ளாய்லரே, 1911-ல் எழுதிய நூலின் தலைப்பில் அதைப் பன்மையில், ஒரு ‘குழு’ என்றுதான் குறிப்பிட்டார் என்பதை மறக்கக்கூடாது. பெயர் வைத்தவருக்கே அது ஒன்றுதானா என்பதில் சந்தேகம் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்குத்தான் இல்லை. எனினும் பெயர்களைக் கூட்டுவதா குறைப்பதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு பெயர் கேள்வியைத் திறக்கிறதா, மூடுகிறதா என்பதே முதல். இரண்டாவது பெயருக்கு இடம் உண்டு என்று நினைப்பவன், குறைந்தபட்சம் இரண்டாவது கேள்வியைக் கேட்பான். ‘எதற்காகப் பார்க்கிறார்கள்?’ என்ற கேள்வி அப்படி வந்ததுதான்.

ஓர் உதாரணம். குரல்கள் அடங்கிய பிறகு அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான். வீட்டில் எல்லோரும் ‘இப்போ பரவாயில்லை, அமைதியாயிட்டான்’ என்றார்கள். ஒருவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதற்குக் குறைந்தது நான்கு அர்த்தம் உண்டு. மனச்சிதைவே ஊக்கத்தை உறிஞ்சிவிட்டிருக்கலாம். மருந்து உடலை மரத்துப்போகச் செய்திருக்கலாம். கூடவே மனச்சோர்வு வந்திருக்கலாம். அல்லது தனக்கு நேர்ந்தது இன்னது என்று அவனுக்குப் புரிந்துவிட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோல் இருக்கும். செய்யவேண்டியதோ ஒவ்வொன்றுக்கும் வேறு. இவற்றைக் கலக்காமல் சோர்வைத் தனியே அளப்பதற்கென்றே கனடாவின் கால்கரியில் 1990-வாக்கில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கப்பட்டது. அதில் இருப்பதெல்லாம் எளிய கேள்விகள்: நம்பிக்கை இழந்துவிட்டாயா, உன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாயா, காலையில் அதிகமாக இருக்கிறதா என்பது மாதிரி. ஒரு மனிதனிடம் இவற்றைக் கேட்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது என்பதுதான் என்னை யோசிக்கவைக்கிறது.

நான்காவது அர்த்தம்தான் கடினமானது. பர்மிங்ஹாமில் மாக்ஸ் பர்ச்வுட்டும் சகாக்களும் 2000-வாக்கில் வெளியிட்ட ஆய்வுகளில், கலக்கம் அடங்கியபின் வரும் சோர்வு பெரும்பாலும் நோயின் மிச்சம் அல்ல, ஒரு மதிப்பீடு என்று காட்டினார்கள். வேலை, படிப்பு, நட்பு போயிற்று, தலைகுனிவு வந்தது, இதிலிருந்து வெளியேற வழியில்லை. இப்படி முடிவுகட்டியவர்களே சோர்வில் விழுந்தார்கள். வெளியே போக அஞ்சுவதற்கும் அவமான உணர்வுக்கும் உள்ள தொடர்பையும் அவர்கள் பின்னர் எழுதினார்கள். என் தம்பியின் வாக்கியம் எனக்கு அங்கேதான் விளங்கியது. கொடுமை என்னவென்றால், ‘நோயை உணர்ந்துகொள்ள வேண்டும்’ என்று நாம் நோயாளியிடம் வற்புறுத்துகிறோம். உணர்ந்துகொண்டவனோ பல சமயம் அதிகமாக உடைந்துபோகிறான்.

அப்படியானால் உண்மையை அறிந்ததால் வந்த துக்கத்துக்கு மருந்து கொடுப்பது நியாயமா? துக்கம் ஒரு சரியான பார்வை என்றால் அதை நோய் என்று சொல்வது பொய் அல்லவா? நம்மில் சிலர் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுவோம். அதில் ஒரு கம்பீரமும் இருக்கிறது. ஆனால் உண்மையான துக்கமும் ஆளைக் கொல்லும். மனச்சிதைவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்கிறார்கள் என்பது மதிப்பீடு. ஆரம்ப வருஷங்களில்தான் இந்த அபாயம் அதிகம். அதாவது, குரல் அடங்கி வீட்டார் ‘அமைதியாயிட்டான்’ என்று மூச்சுவிடும் காலத்தையும் சேர்த்து. ஒருவன் தன் நிலையைச் சரியாகப் பார்க்கிறான் என்பது அவனைத் தனியே விட்டுவிட நமக்குக் கிடைத்த அனுமதி ஆகாது. கால் ஒடிந்தது உண்மை என்பதால் வலிக்கு மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. துக்கத்துக்கு வைத்தியம் செய்வது துக்கத்தை மறுப்பதல்ல. துக்கத்துக்குக் காரணமாக இருப்பதில் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று அவனோடு உட்கார்ந்து பார்ப்பதும் அந்த வைத்தியத்தில் சேர்த்திதான். வழியே இல்லை என்ற அவன் முடிவு மட்டும் பெரும்பாலும் தவறாக இருந்தது.

4

அடுத்தது பீடி. அவன் நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தான். கல்லூரி விடுதியில் கஞ்சாவும் பழகியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த அன்றே சித்தப்பாவின் இரக்கம் பாதியாகக் குறைந்தது. ‘அவனா தேடிக்கிட்டது’ என்றார். அதுவரை நோயாளியாக இருந்தவன் ஒரே நாளில் குற்றவாளியானான்.

ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000-க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 1987-ல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா குடித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் சாத்தியம், குடிக்காதவர்களைப்போல் சுமார் ஆறு மடங்கு என்றது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கஞ்சா குடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் வரவில்லை என்பதும் அதே கணக்கில் உள்ள உண்மை. இன்னொரு பக்கம், குழந்தைப் பருவத்தில் அடி, வதை, புறக்கணிப்புக்கு ஆளானவர்களுக்குச் சித்தக் கலக்கம் வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2012-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒன்றைச் சொன்னால் பையன் குற்றவாளி, மற்றதைச் சொன்னால் குடும்பம் குற்றவாளி. காரணம் என்பதும் பழி என்பதும் வேறுவேறு. மழை பெய்ததால் சுவர் விழுந்தது என்றால் மழையை யாரும் ஏசுவதில்லை. மனிதன் என்று வந்தால் மட்டும் காரணத்தைச் சொல்லும் குரலிலேயே பழியும் ஏறிவிடுகிறது.

தவிர, பழி சொல்கிறவன் பார்க்கத் தவறும் காரியங்கள் உண்டு. புகையிலைப் புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, க்ளோஸபின், ஒலான்ஸபின் போன்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடுகின்றன. பீடியை நிறுத்தினால் அதே மருந்து ரத்தத்தில் கூடிவிடும். வைத்தியர் அளவை மாற்றவேண்டி வரலாம். ஆக, பீடியைப் பற்றி மருத்துவரிடம் சொல்வது அவசியமான தகவல். ஆனால் எங்கள் வீட்டில் அது மானக்கேடாக இருந்ததால் யாரும் சொல்லவில்லை. ஏன் குடிக்கிறான் என்றும் யாரும் கேட்கவில்லை. பின்னாளில் நான் கேட்டேன். ‘பீடி குடிக்கும்போது மட்டும் எல்லார மாதிரியும் இருக்கு’ என்றான்.

5

இனி நம்மைப் பற்றி. இந்தப் பக்கங்களை வாசிக்கும் இருநூறு, முந்நூறு பேரைச் சொல்கிறேன்.

நமக்குப் பித்து என்றால் பிரியம். நாமும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்; தெருவில் அது கல், நம்மிடம் கிரீடம். ஃபூக்கோ 1961-ல் எழுதிய சரித்திரத்தைப் படித்தோ படிக்காமலோ, பைத்தியம் என்பது பகுத்தறிவு அடைத்துவைத்த ஓர் உண்மை என்று பேசுகிறோம். ஆர்.டி. லெய்ங் 1960-ல் ‘பிளவுண்ட சுயம்’ எழுதியபோது செய்தது பெரிய காரியம். புரிந்துகொள்ள முடியாதது என்று யாஸ்பெர்ஸ் கோடு கிழித்த இடத்தில் உட்கார்ந்து, புரிகிறதா என்று காதுகொடுத்தார். ஆனால் அந்த வழியிலேயே போனவர்கள் பழியைக் குடும்பத்தின் மேல், முக்கியமாகத் தாயின் மேல், இறக்கிவைத்தார்கள். தாயே நோயை உண்டாக்குகிறாள் என்ற சொற்றொடர் அதற்கு முன்பே, 1948-லிருந்து அமெரிக்காவில் புழங்கியது. என் சித்தி அதையெல்லாம் படித்தவள் அல்ல. ஆனாலும் ‘நான் என்ன தப்பு பண்ணினேன்’ என்று கேட்டுக்கொண்டே அவள் இரண்டு வருஷம் சமைத்தாள்.

கவிஞனின் பித்தைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் அவனுக்குத் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது, நாலு பேர் நடுவில் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் இருப்பதில்லை. கிரீடமும் விழுங்கத்தான் செய்கிறது. மனநல விடுதியில் இருந்தவர்களின் பேச்சை அலங்காரமில்லாமல் எழுத்தில் கொண்டுவந்த கோபிகிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நம் மொழியில் இருக்கிறது. அவர் அவர்களைத் தீர்க்கதரிசிகளாக்கவில்லை, பேச விட்டார். அதை நாம் பாராட்டியதோடு சரி, அதிலிருந்து கேட்கக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு மேலே ரதவீதிக் கதை சாட்சி.

சாட்சி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது அவரை அறிகிறவர் என்ற ஸ்தானத்திலிருந்து இறக்கும் அநீதி என்று மிராண்டா ஃப்ரிக்கர் 2007-ல் ஒரு நூலில் வாதித்தார். மருத்துவரின் அறையில் நாற்காலி மூன்று இருந்தது. அவன் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். நான் சொன்னதை மருத்துவர் எழுதிக்கொண்டார். அவன் அங்கேயே இருந்தான். தன்னைப் பற்றிய வாக்கியம் தன் கண்ணெதிரில் வேறொன்றாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் அதுவும் நோயின் குறியாகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

குடும்பம் கூடவே வராதிருந்தால் நன்றாயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் கூட வருகிற குடும்பம் ஒரு பாக்கியம். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுத்தவள் சித்திதான், அந்த மாத்திரைதான் குரல்களை அடக்கியது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் புரட்சியில் எனக்குப் பங்கில்லை. ஆனால் கூட இருப்பவன் மொழிபெயர்ப்பாளன் ஆகிறபோது, மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறானா என்று யாராவது கேட்க வேண்டும். வேறு யாரும் கேட்காவிட்டால் அவனே கேட்டுக்கொள்ள வேண்டும்.

6

இப்போது அவன் ஒரு ஜெராக்ஸ் கடையில் மதியம் வரை வேலை பார்க்கிறான். அந்தப் பெண் அவனைப் படிப்படியாக வெளியே கூட்டிவந்தாள். முதலில் விடிகாலையில் ஆள் இல்லாத தெருவில், பிறகு பால் வாங்க, பிறகு பகலில் ரதவீதி முனை வரை. மருந்து குறைக்கப்பட்டது, நிற்கவில்லை. குரல்கள் எப்போதாவது வருவதுண்டு என்கிறான். பீடி குறைந்திருக்கிறது. ரதவீதியை இப்போதும் வேகமாகத்தான் கடப்பான்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். ‘பேர் போடாதே’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ‘சந்தேகம் வந்திருச்சின்னு நீ சொன்னேல்லா, அதையும் எழுது’ என்றான்.

அன்று அவன் அறையில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதை நினைவில் வைத்திருந்தான் என்பது தெரியாது.